மன்றம் கண்ட நாட்கள் — 17: மருதையாறும் மக்களவையும்

இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் அமைந்த தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856-ஆம் வருஷம் ஜூலை மாதம் முதல் தேதியன்று பொதுஜனப் பிரயாணத்துக்குத் திறந்துவிடப்பட்டபோது, பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவில் அது கடந்து சென்ற நெமிலிச்சேரியில் வண்டி நிற்பதற்கு ஒரு நிலையம் இருக்கவில்லை. ஏரிகளுக்கும் வயல்களுக்கும் இடையே மண்மேடு போட்டு இரும்புப் பாதை சென்றது, அவ்வளவே. இன்று அதே ஊரில், வண்டலூரிலிருந்து மீஞ்சூரை நோக்கிச் செல்லும் வெளிவட்டச் சாலை சி.டி.எச். சாலையைச் சந்திக்கிறது. காலை வேளையில் நெமிலிச்சேரி நிலையத்தில் சீசன் டிக்கெட்டோடு லோக்கல் வண்டிக்காக நிற்பவர்களில் பெரம்பூர் ஐ.சி.எஃப்., லோகோ, கேரேஜ் ஆகிய தொழிற்சாலைகளுக்குச் செல்வோரும், அவற்றில் உழைத்து ஓய்வு பெற்றவர்களின் மக்களும் இருக்கிறார்கள். ஆகையால் ரயில்வேயைப் பற்றிப் பாராளுமன்றத்தில் நிகழ்ந்த ஒரு விவகாரத்தை இவ்வூரிலிருந்து எழுதுகிறவன், அதைத் தன் வீட்டு விவகாரமாகவே கருதி எழுதக் கடமைப்பட்டவன்.

அந்தப் பாதைக்கு நூறு வயது நிரம்பிய 1956-ஆம் வருஷமே இந்திய ரயில்வேக்குப் பெருந்துயர வருஷமாகவும் அமைந்தது. சென்ற அத்தியாயத்தில், பம்பாய் நகரத்தின் எதிர்காலத்தைக் குறித்து மந்திரிசபையோடு அபிப்பிராய பேதங்கொண்டு, நிதி மந்திரி சி. டி. தேஷ்முக் அவ்வருஷம் ஜூலை மாதத்தில் பதவியை விட்டு விலகிய வரலாற்றைக் கண்டோம். அது கொள்கை வேற்றுமையால் விளைந்த ராஜிநாமா. விலகியவர் தாம் சரியென்று நம்பிய ஒன்றுக்காக விலகினார். நான்கு மாதங்களுக்குப் பின்னர், நவம்பர் 26-ஆம் தேதி திங்கட்கிழமையன்று அதே மக்களவை கேள்விப்பட்ட ராஜிநாமாவோ, எந்தக் கொள்கையிலும் எவரோடும் மாறுபடாத ஒருவர், தாம் நேரில் செய்யாத ஒரு பிழைக்காகத் தாமே முன்வந்து அளித்தது. அந்த நாளின் நடவடிக்கையே இந்த அத்தியாயத்தின் பொருள்.

லால் பகதூர் சாஸ்திரி 1952-ஆம் வருஷம் மே மாதத்தில் ரயில்வே மற்றும் போக்குவரத்து மந்திரியாகப் பொறுப்பேற்றார். மொகல்சராயில், வடநாட்டு ரயில் பாதைகள் பல வந்து கூடுகின்ற அந்த ஊரில், 1904 அக்டோபர் 2-ஆம் தேதி பிறந்து, தகப்பனாரைச் சிசுப் பருவத்திலேயே இழந்து, காசி வித்யாபீடத்தில் கற்று, சிறைவாசங்களுக்கு நடுவே அரசியலில் வளர்ந்தவர். உருவத்தில் சிறியவர், பேச்சில் மெல்லியவர். அவர் கைக்கு ரயில்வே வந்த சமயத்தில், கம்பெனிகளும் சமஸ்தானங்களும் தனித்தனியே நடத்திவந்த பாதைகளையெல்லாம் ஒன்றுசேர்த்து மண்டலங்களாக வகுக்கும் பெருங்காரியம் அப்போதுதான் முடிந்திருந்தது. மதராஸ் அண்ட் சதர்ன் மராட்டா, சவுத் இந்தியன், மைசூர் ஆகிய மூன்று ரயில்வேக்களும் 1951 ஏப்ரல் 14-ஆம் தேதி இணைந்து தெற்கு ரயில்வே ஆயின. நெமிலிச்சேரி வழியாகச் செல்லும் அகலப் பாதை முதற் கம்பெனியினுடையது. எழும்பூரிலிருந்து தெற்கே சென்ற மீட்டர் கேஜ் பாதைகள் இரண்டாவது கம்பெனியினுடையவை. பெயர்ப்பலகை ஒரே நாளில் மாறிவிடலாம். அந்நியர் காலத்தில் கட்டப்பட்டு, யுத்த காலத்தில் ஓயாது உழைத்துத் தேய்ந்துபோன தண்டவாளங்களும், பெட்டிகளும், பாலங்களும் ஒரே நாளில் புதியன ஆகிவிடமாட்டா. புதியவற்றை நாமே செய்துகொள்ள வேண்டுமென்ற வேட்கையின் பயனாகவே பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை எழுந்தது. அதைப் பிரதம மந்திரி ஜவாஹர்லால் நேரு 1955 அக்டோபர் 2-ஆம் தேதி திறந்துவைத்தார். காந்தியடிகளின் ஜயந்தி தினமாகிய அதுவே சாஸ்திரியின் பிறந்த தினமும் ஆகும். அவ்விழாவுக்குப் பின் பதினான்கு மாதங்கள்கூட நிறைவதற்குள் அவர் அந்த மந்திரிப் பதவியைத் துறக்க நேர்ந்தது.

முதல் அடி 1956 செப்டம்பர் 2-ஆம் தேதி விழுந்தது. அன்றைய ஹைதராபாத் ராஜ்யத்தில், மகபூப்நகருக்கும் ஜட்சர்லாவுக்கும் இடையே வெள்ளத்தால் ஒரு பாலம் தகர்ந்து, வந்த வண்டி அதில் விழுந்து, நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். சாஸ்திரி தம் ராஜிநாமாவைப் பிரதம மந்திரியிடம் கொடுத்தார். நேரு அதை ஏற்க மறுத்துவிட்டார். மந்திரி மீண்டும் தம் அலுவலுக்குத் திரும்பினார். இதைப் படிக்கிறவர்கள், முதன்முறை கொடுத்த கடிதம் மறுக்கப்படும் என்று தெரிந்தே கொடுக்கப்பட்ட ஒரு சம்பிரதாயம் என்று எண்ணிவிடக் கூடாது. அந்த எண்ணத்துக்கு இடமில்லாதபடி இரண்டாவது கடிதம் எழுதப்பட்டது.

ஐப்பசியும் கார்த்திகையும் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையின் காலம். இந்தக் காலத்தில் ரயில் பாதையைக் காப்பது எத்தகைய வேலை என்பதைப் பாதையோரத்து ஊரார் அறிவர். பகலில் கீமேன் தோளில் சுத்தியலோடு நடந்து, தளர்ந்த ஆணிகளை இறுக்கிச் செல்வது எல்லா மாதங்களிலும் காணும் காட்சி. மழைக் காலத்திலோ இரவு ரோந்து என்ற ஒன்று கூடுதலாக ஏற்படுகிறது. கேங்மேன்கள் கையில் விளக்கும், தண்டவாளத்தின்மீது பொருத்தினால் சக்கரம் ஏறியதும் பேரோசையோடு வெடித்து டிரைவரை எச்சரிக்கும் வெடிகளும் எடுத்துக்கொண்டு, தமக்கு வகுக்கப்பட்ட எல்லை வரையில் இருளில் நடந்து, எதிர்த் திசையிலிருந்து வருகிறவர்களைச் சந்தித்துத் திரும்பவேண்டும். ஒவ்வொரு சிறுபாலத்தினருகிலும் நின்று, நீர் எந்த அளவு ஏறியிருக்கிறது, கரை மண் சரிகிறதா, சல்லி இறங்கியிருக்கிறதா என்று விளக்கைத் தாழ்த்திப் பார்க்கவேண்டும். ஆற்றுப் பாலத்துக்கு வெள்ளத்தினால் நேரும் ஆபத்து பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. மேலே தண்டவாளம் நேராகவே தோன்றும், அடியில் தூணையும் கரையையும் தாங்கி நிற்கும் மண்ணை நீர் அரித்துக்கொண்டு போய்விட்டிருக்கும். வண்டியின் பாரம் ஏறுகின்ற கணத்தில்தான் உண்மை வெளியாகும்.

நவம்பர் 22-ஆம் தேதி இரவு எழும்பூரிலிருந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் புறப்பட்டது. விழுப்புரத்தைக் கடந்து, விருத்தாசலம் வழியாகத் திருச்சிராப்பள்ளி செல்லும் மீட்டர் கேஜ் குறுக்குப் பாதையில், நீராவி எஞ்சின் இழுத்துச் சென்ற வண்டி. நாள் முழுதும் அந்தப் பிரதேசத்தில் கனத்த மழை. 23-ஆம் தேதி வெள்ளிக்கிழமை, பொழுது புலர்வதற்கு முன்னர், அரியலூர் நிலையத்தை விட்டுக் கல்லகம் நிலையத்தை அடையுமுன் இருக்கும் மருதையாற்றுப் பாலத்தை வண்டி நெருங்கியபோது, ஆறு கரைபுரண்டு பாலத்தின் ஆதாரத்தையே குலைத்துவிட்டிருந்தது. எஞ்சினும் அதனைத் தொடர்ந்த பெட்டிகளும் வெள்ளத்தில் வீழ்ந்தன. அந்நேரத்தில் பெட்டிகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் உறக்கத்தில் இருந்திருப்பார்கள் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. இறந்தவர்களின் தொகை 140-க்கும் அதிகம். வெள்ளம் அடித்துக்கொண்டு போனவர்களையும் சேர்த்தால் அது எவ்வளவு என்பதை ஆறே அறியும். மருதையாறு ஆண்டின் பெரும்பகுதி மணல் தெரியக் கிடக்கும் ஒரு சிற்றாறு. காவிரியைக் கடக்கிறவன் ஆற்றை நினைத்து அஞ்சுவான். மருதையாற்றைக் கடக்கிறவன் தான் ஓர் ஆற்றைக் கடந்ததைக்கூட அறியாமல் தூங்குவான். இந்தத் துயரத்தில் எனக்கு மிகவும் நெஞ்சை வருத்துவது இதுதான்.

சேதி டில்லிக்குப் போயிற்று. சாஸ்திரி இரண்டாவது முறையாகத் தம் ராஜிநாமாவை எழுதிப் பிரதம மந்திரியிடம் சமர்ப்பித்தார். இம்முறை அதை ஏற்றுக்கொள்ளவேண்டுமென்று வற்புறுத்தினார். சனியும் ஞாயிறும் கழிந்தன. அந்த நாட்களில் நேருவின் மேஜைமீது என்னென்ன குவிந்திருந்தன என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ளவேண்டும். சூயஸ் கால்வாய் விவகாரமும் ஹங்கேரியின் இரத்தக்களரியும் உலகத்தையே கலக்கிக்கொண்டிருந்த மாதம் அது. ஐக்கிய நாடுகளின் கல்வி, கலாசார ஸ்தாபனமாகிய யுனெஸ்கோவின் மகாநாடு டில்லியிலேயே நடந்துகொண்டிருந்தது. புத்த ஜயந்தி வைபவத்தையொட்டித் தலாய் லாமாவும், அவரைத் தொடர்ந்து சீனப் பிரதமர் சூ என் லாயும் அதே வாரத்தில் தலைநகருக்கு வந்தார்கள். ராஜ்யங்கள் மொழிவாரியாகத் திருத்தியமைக்கப்பட்டு அம்மாதம் முதல் தேதியன்றுதான் புதிய எல்லைகள் அமலுக்கு வந்திருந்தன. மூன்று மாதங்களில் இரண்டாவது பொதுத் தேர்தல் வரவிருந்தது. இத்தனைக்கும் நடுவில், தம்மிடம் மிகுந்த பற்றும் உழைப்பும் உடைய ஒரு சகாவை இழப்பது எந்தப் பிரதம மந்திரிக்கும் சௌகரியமான காரியமன்று.

திங்கட்கிழமை மக்களவை கூடியது. வட்ட வடிவமான அந்தப் பழைய மாளிகையில், பச்சைக் கம்பளம் விரித்த அரைவட்ட மண்டபத்தில், சபாநாயகர் ஆசனத்தில் வீற்றிருந்து அந்நாட்களில் சபையை நடத்திவந்தவர் மாடபூசி அனந்தசயனம் ஐயங்கார். திருச்சானூரில் பிறந்து, சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்று, திருப்பதித் தொகுதியின் பிரதிநிதியாகச் சென்றவர். முந்திய சபாநாயகர் மாவலங்கர் அவ்வருஷம் பிப்ரவரியில் காலமானதன் பின்னர், மார்ச் 8-ஆம் தேதி சபாநாயகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நம் நெமிலிச்சேரியைக் கடந்து அரக்கோணம், ரேணிகுண்டா வழியாகச் செல்லும் பாதையே அவர் ஊருக்குப் போகும் பாதை. சபையில் நம் பகுதியை அடுத்த திருவள்ளூர்த் தொகுதியின் உறுப்பினர்களுள் ஒருவராகிய மரகதம் சந்திரசேகர் சுகாதார இலாகாவின் உபமந்திரியாக இருந்தார். செங்கல்பட்டுத் தொகுதியின் உறுப்பினரான ஓ. வி. அழகேசனோ ரயில்வே இலாகாவுக்கே உபமந்திரி. அவரைப் பற்றிப் பின்னர் சொல்ல நிறைய இருக்கிறது.

சபையின் அந்நாளைய நடவடிக்கைக் குறிப்புகள் இரண்டு பாகங்களாக அச்சிடப்பட்டன. முதல் பாகத்தில் கேள்விகளும் விடைகளும், இரண்டாம் பாகத்தில் ஏனைய நடவடிக்கைகளும் அடங்கும். சபையின் நடுவில் மேஜையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் மாற்றி ஒருவராக வந்து குறிப்பெடுத்த சுருக்கெழுத்தாளர்களின் உழைப்பினால்தான் அன்றைய வார்த்தைகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. சாஸ்திரியின் ராஜிநாமா இரண்டாம் பாகத்துக்கு உரியது. அது ஒரு மசோதா அல்ல, தீர்மானமும் அல்ல. ஓட்டெடுப்பு எதுவும் இல்லை. பிரதம மந்திரி எழுந்து ஓர் அறிக்கை செய்தார்.

நேரு சொன்னவற்றின் சாரம் இது. தம்முடைய நெடுநாளைய தோழராகிய ரயில்வே மந்திரியைக் காட்டிலும் நேர்மையும், விசுவாசமும், லட்சியப் பற்றும், மனச்சாட்சியும், உழைப்பும் உடைய ஒரு சகாவைத் தாம் விரும்ப முடியாது என்றார். இந்த விபத்துக்கு அவர் எவ்வகையிலும் பொறுப்பாளி என்று தாம் கருதவில்லை என்பதைத் தெளிவாகக் கூறினார். அப்படியிருந்தும் ராஜிநாமாவை ஏற்றுக்கொண்டு ராஷ்டிரபதிக்கு அனுப்புவது ஏனென்றால், அரசியல் சாசன ஒழுக்கம் என்ற விசாலமான நோக்கில் ஒரு முன்மாதிரி ஏற்படவேண்டும். எது நேர்ந்தாலும் நாம் ஒன்றும் பாதிக்கப்படாமல் பழையபடியே நடந்துகொண்டு போகலாம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது, என்றார்.

இந்த அறிக்கையின் முதற் பகுதியை நாடு முழுவதும் அறியும்; பள்ளிப் பாடங்களிலும் மேடைகளிலும் அது நூற்றுக்கணக்கான முறை எடுத்தோதப்பட்டிருக்கிறது. பின்பகுதியே எனக்கு அதனினும் முக்கியமானதாகத் தோன்றுகிறது. நேரு அன்று சாஸ்திரியின் குணத்துக்குச் சான்று வழங்கியதோடு நின்றிருந்தால், ராஜிநாமாவை மறுத்திருக்க வேண்டும். குணவானை வைத்துக்கொள்வதுதானே முறை? அவர் குணத்தைப் போற்றிவிட்டு, அந்தக் குணவான் விலகுவதை அனுமதித்தார். அப்படிச் செய்ததன் மூலம், விலகுவது அம்மனிதருடைய அபூர்வமான நற்பண்பு என்ற நிலையிலிருந்து அதை எடுத்து, அந்த நாற்காலிக்கே உரிய கடமை என்ற நிலையில் வைத்தார். செப்டம்பரில் மறுத்ததற்கும் நவம்பரில் இசைந்ததற்கும் முரண்பாடு இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. முதல் விபத்துக்குப் பின் ஒரு மந்திரியை நோக்கி, இருந்து சீர்திருத்துக என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. மூன்று மாதங்களுக்குள், அதே விதமாக, வெள்ளத்தால் குலைந்த பாலத்தில் மறுபடியும் ஒரு வண்டி விழுந்து மனிதர்கள் மாண்ட பின்னர், அதே வார்த்தையை அதே ஜனங்களின் பிரதிநிதிகள் முன் திரும்பச் சொல்வது நியாயமாகாது. இரண்டு முடிவுகளும் சரியானவையே என்பது என் அபிப்பிராயம்.

இங்கே சாசனத்தின் அமைப்பையும் சிறிது பார்க்கவேண்டும். 75-ஆவது ஷரத்தின்படி மந்திரிசபை முழுவதும் கூட்டாக மக்களவைக்குப் பொறுப்புடையது. தனி மந்திரி ஒருவர் தம் இலாகாவில் நேர்ந்த பிழைக்காகப் பதவி விலகவேண்டும் என்று அந்த ஷரத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அது வழக்கத்தினால் வளரவேண்டியது. வழக்கமோ யாராவது ஒருவர் முதலில் நடந்து காட்டாமல் பிறப்பதில்லை. சாஸ்திரி அச்சமயம் மக்களவையின் உறுப்பினர்கூட அல்லர். ராஜ்ய சபை உறுப்பினராக இருந்தே மந்திரிப் பதவி வகித்தார். ஆயினும் அவர் விலகிய சேதி, மந்திரிசபை எந்தச் சபைக்குப் பொறுப்போ அந்தச் சபையில் பிரதம மந்திரியின் வாயினால் சொல்லப்பட்டது. இங்கிலாந்தில் இதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன்னர், 1954 ஜூலையில், விவசாய மந்திரி ஸர் தாமஸ் டக்டேல், கிரிச்செல் டவுன் என்ற இடத்து நிலத்தைப் பற்றித் தம் உத்தியோகஸ்தர்கள் நடந்துகொண்ட முறைக்குத் தாம் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பாராளுமன்ற முறையின் மாதிரி நாடு என்று கருதப்பட்ட அந்தத் தேசத்தில் ஒரு துண்டு நிலத்தைக் குறித்து ஏற்பட்ட விவகாரம் அது. இங்கோ ஓர் ஆற்று வெள்ளத்தில் மனிதர்கள் மாண்டிருந்தார்கள். நம் பாராளுமன்றத்துக்கு அப்போது வயது ஐந்துகூட ஆகவில்லை. அந்த இளமையில் அது ஒரு மூத்த பாராளுமன்றத்தோடு ஒப்பாக நின்றது என்று சொல்வதில் எனக்குப் பெருமையே.

ஆனால் பின்வந்த தலைமுறைகளாகிய நாம் என்ன செய்தோம்? முறையாக வைக்கப்பட்டதைப் புராணமாக ஆக்கிக்கொண்டோம். சாஸ்திரி மகாபுருஷர், ஆகையால் விலகினார், நம்மைப் போன்றவர்களால் அது ஆகாது — இப்படி ஒரு தப்பு வழியைப் புகழ்ச்சியின் உள்ளேயே அமைத்துக்கொண்டோம். 1999 ஆகஸ்டில் கைசால் என்னும் இடத்தில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதிய பின் நிதிஷ் குமார் ரயில்வே மந்திரிப் பதவியை விட்டு விலகினார். இடையிலும் பின்னும் கொடுக்கப்பட்டு மறுக்கப்பட்ட கடிதங்கள் சில உண்டு. கொடுக்கப்படாத கடிதங்களே மிகுதி. நேரு விரும்பியது ஒரு மகானை வணங்கும் பழக்கத்தை அல்ல. எவர் அமர்ந்தாலும் அந்த நாற்காலி விபத்தின் அதிர்ச்சியை உணரவேண்டும் என்பதைத்தான்.

இதைச் சொல்லும்போதே, ராஜிநாமாவினால் பாலம் உறுதியாகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பதவி விலகுவது ஒரு காரியம். பாலம் ஏன் குலைந்தது என்று ஆராய்வது மற்றொரு காரியம். இரண்டாவதைச் செய்யும் அதிகாரிகள் ரயில்வேயின் ஆட்சிக்கு உட்பட்டவர்களாக இருந்தால் தம்மையே தாம் விசாரிப்பது போலாகும் என்ற காரணத்தால், 1941-ஆம் வருஷத்திலேயே ரயில்வே பரிசோதகர்கள் ரயில்வே போர்டிலிருந்து பிரிக்கப்பட்டு, தபாலும் விமானப் போக்குவரத்தும் சேர்ந்திருந்த வேறொரு இலாகாவின்கீழ் வைக்கப்பட்டார்கள். விபத்து நேர்ந்த இடத்துக்குச் சென்று, குலைந்த தூணை அளந்து, டிரைவரையும் நிலைய அதிகாரியையும் கேங் மேஸ்திரியையும் விசாரித்து, காரணம் இன்னதென்று எழுதுகிறவர்கள் இவர்களே. இன்று இவர்களுக்கு ரயில்வே பாதுகாப்புக் கமிஷனர்கள் என்று பெயர். இன்றைக்கும் இவர்கள் சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தைச் சார்ந்தவர்களே. 2025 ஜூலை 13-ஆம் தேதி விடியற்காலையில் திருவள்ளூருக்கருகே டீசல் ஏற்றிவந்த சரக்கு வண்டி தடம் புரண்டு தீப்பற்றியெரிந்து, நம் பாதை நெடுகிலும் வண்டிகள் நின்றுபோன தினத்தில் நெமிலிச்சேரி நிலையத்தில் காத்திருந்தவர்கள், விபத்துக்கும் விசாரணைக்கும் உள்ள தொடர்பைப் பற்றிச் சிந்திக்க நேரம் பெற்றிருப்பார்கள். நற்பேறாக அன்று உயிர்ச்சேதம் இல்லை. அரியலூருக்கு முன்னர், 1954-இல், ஷா நவாஸ் கான் தலைமையில் ஒரு குழு ரயில் விபத்துகளை ஆராய்ந்திருந்தது. அரியலூருக்குப் பின்னர், 1962-இல், பண்டித ஹிருதயநாத குன்ஸ்ரு தலைமையில் மற்றொரு குழு ஏற்பட்டது. குழுக்களின் அறிக்கைகளை எவரும் மேடையில் எடுத்தோதுவதில்லை. ரோந்து செல்கிற கேங்மேனுக்கு உயிர் காக்கும் புத்தகங்கள் அவையே.

இனி உபமந்திரியின் கதைக்கு வருவோம். ஓ. வி. அழகேசன் செங்கல்பட்டுக்கு அருகிலுள்ள ஒழலூரைச் சேர்ந்தவர். அரசியல் நிர்ணய சபையில் அங்கம் வகித்தவர். படிப்பும் பண்பும் மிக்கவர் என்று எதிர்க்கட்சியாராலும் மதிக்கப்பட்டவர். மூத்த மந்திரி விலகியதால் டில்லியில் அடங்கிய கோபம், தமிழ்நாட்டில் அடங்கவில்லை. இறந்தவர்கள் இந்நாட்டவர், ஆறு இந்நாட்டு ஆறு, ரயில்வே இலாகாவில் இந்நாட்டின் முகமாகத் தெரிந்தவர் அழகேசனே. அடுத்த வருஷத் தேர்தலில் முதன்முறையாகப் போட்டியிட்ட திராவிட முன்னேற்றக் கழகம், அரியலூரின் பெயரை அழகேசன் பெயருக்கு அடைமொழியாக்கி, அவர் ஆண்டதையும் ஜனங்கள் மாண்டதையும் எதுகையில் இணைத்துத் தெருத்தெருவாகக் கேட்ட கேள்வி, கேட்டவர்களின் நினைவில் வெகு காலம் நிலைத்தது. சுவரெழுத்துகளும் கூட்டங்களும் ஒரு டில்லி விவகாரத்தைத் தமிழ்நாட்டுத் தேர்தல் விவகாரமாக்கியது அதுவே முதல் தடவை என்று சொல்லமாட்டேன். எனினும் ஒரு ரயில் விபத்தைப் பற்றி வாக்காளர்கள் தம் பிரதிநிதியை நேரில் கேள்வி கேட்கலாம் என்ற உணர்ச்சி அப்போது ஏற்பட்டது. 1957-இல் அமைந்த இரண்டாவது மக்களவையில் அழகேசன் இடம் பெறவில்லை. அவர்மீது சுமத்தப்பட்ட பாரம் அவருடைய பங்குக்கு மிக அதிகம் என்றே நான் கருதுகிறேன். ஆயினும் பொதுஜனங்களின் துக்கம் தராசு பிடித்து அளந்து பேசவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் தகாது. இரவில் ரயிலேற்றி அனுப்பிய மகனை ஆற்றில் இழந்தவர்களுக்கு அந்த உரிமை உண்டு.

சாஸ்திரியின் இடத்துக்கு ஜகஜீவன் ராம் வந்து, டிசம்பர் 7-ஆம் தேதி ரயில்வே இலாகாவை ஏற்றுக்கொண்டார். மறு வருஷம் அலகாபாத்திலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சாஸ்திரியை நேரு மீண்டும் மந்திரிசபையில் சேர்த்தார். இம்முறை அவருக்குக் கிடைத்தது போக்குவரத்து மற்றும் தகவல் தொடர்பு இலாகா. சிவில் விமானப் போக்குவரத்தும், அதனுடன் ரயில்வே பரிசோதகர்களும் அந்த இலாகாவைச் சார்ந்தே இருந்தார்கள். ரயில் விபத்தை முன்னிட்டு விலகிய மந்திரி, ரயில் விபத்துகளை விசாரிக்கிறவர்களின் தலைவராகத் திரும்பி வந்தார். இதை யாரும் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. இலாகாப் பங்கீட்டில் தானாக அமைந்தது. நேருவின் அறிக்கை சாஸ்திரியின் பொதுவாழ்வை முடிக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பதவி விலகியவரைக் குற்றவாளியாகப் பாவியாமல், உரிய காலத்தில் மீண்டும் பணிக்கு அழைத்துக்கொள்ளும் வழக்கம் உள்ள நாட்டில்தான் மனிதர்கள் துணிந்து விலகுவார்கள். இதனை நம்முடைய அரசியல் சரித்திரக்காரர்கள் போதுமான அளவு எடுத்துக்காட்டவில்லை.

வருஷங்கள் கழிந்தன. 1962-இல் செங்கல்பட்டு மக்கள் அழகேசனை மறுபடியும் மக்களவைக்கு அனுப்பினார்கள். 1964-இல் நேரு மறைந்தார். சாஸ்திரி பிரதம மந்திரியானார். 1965 ஜனவரி 26-ஆம் தேதி முதல் ஹிந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்துத் தமிழ்நாடு கொந்தளித்தது. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். துப்பாக்கிப் பிரயோகங்கள் நடந்தன. இளைஞர்கள் தம்மைத் தாமே தீக்கிரையாக்கிக்கொண்டார்கள். பிப்ரவரி 11-ஆம் தேதியன்று, மத்திய மந்திரிசபையில் உணவு, விவசாய மந்திரியாயிருந்த சி. சுப்பிரமணியமும், இணை மந்திரியாயிருந்த அழகேசனும் தங்கள் ராஜிநாமாக்களைப் பிரதம மந்திரியிடம் கொடுத்தார்கள். 1956 நவம்பரில் ரயில்வே இலாகாவில் மூத்தவரும் இளையவருமாய் ஒரே துயரத்தைச் சுமந்த இருவரில் ஒருவர் இப்போது கடிதம் கொடுக்கிறவராகவும், மற்றவர் அதைப் பெறுகிறவராகவும் எதிரெதிரே நின்றார்கள்.

சாஸ்திரி அந்தக் கடிதங்களை ஏற்றுக்கொள்ளும்படி சிபாரிசு செய்து ராஷ்டிரபதிக்கு அனுப்பினார். ராஷ்டிரபதியாயிருந்தவர், திருத்தணியில் பிறந்து இதே ரயில் பாதையோரத்து நாட்டில் வளர்ந்த டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அவர் கையொப்பமிடவில்லை, மறுபடி யோசிக்குமாறு சொன்னார். அன்றிரவே சாஸ்திரி வானொலியில் பேசி, ஹிந்தி பேசாத மக்களுக்கு நேரு அளித்த வாக்குறுதி காப்பாற்றப்படும் என்று உறுதி கூறினார். இரு மந்திரிகளும் பதவியில் நீடித்தார்கள். தாம் முன்பு வலியுறுத்தி விலகியவர் என்பதனால் சாஸ்திரிக்கு, விலக விரும்புகிறவர்களைத் தடுத்து நிறுத்துவது தம் வேலையன்று என்று தோன்றியிருக்கலாம். ராதாகிருஷ்ணனுக்கோ, விலகுவதற்கும் விலகவிடாமல் காப்பதற்கும் உள்ள வேறுபாடு தெரிந்திருந்தது. அழகேசன் அதன் பின்னர் 1971-இல் திருத்தணியிலிருந்தும் 1977-இல் அரக்கோணத்திலிருந்தும் மக்களவைக்குச் சென்றார். இரண்டும் நெமிலிச்சேரிக்கு மேற்கே, அதே பாதையை ஒட்டிய தொகுதிகள்.

அடுத்த அத்தியாயத்தில், ஒரு வருஷம் கழித்து 1957 டிசம்பர் 16-ஆம் தேதி ஃபெரோஸ் காந்தி ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் வாங்கிய பங்குகளைப் பற்றி அதே மக்களவையில் எழுப்பிய விவாதத்தையும், அதன் விளைவாகத் தமிழரான நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாசாரி விலக நேர்ந்த விதத்தையும் பார்ப்போம்.

(தொடரும்)